கையெழுத்து மாறுவதற்கு முன்: மூளைப் புற்றுநோய்ச் செலவைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை மூன்றாவது முறையாகக் கிழித்துப் போட்டார் என் சித்தப்பா. முப்பது ஆண்டுகள் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். துணியில் அவர் போடும் சாக்குக்கட்டிக் கோடு நூல் பிடித்தாற்போல இருக்கும். அன்று பெயரின் முதல் எழுத்து கோட்டுக்கு மேலே நின்றது, கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்தது. கவுண்டரில் இருந்த பெண் கணினியில் இருந்த பழைய கையெழுத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒத்துப்போகவில்லையே ஐயா" என்றார். கணக்கில் பணம் இருந்தது. மறுநாள் காலை மருத்துவமனையில் கட்ட வேண்டிய பணம்.

பிற புற்றுநோய்களில் பணத்தைத் தேடுவதுதான் பாடு. மூளையில் வந்தால், இருக்கிற பணத்தை எடுப்பதே தனிப் பாடு. கட்டி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வலது கை தளரலாம், பேச்சு குழறலாம், ஏ.டி.எம். எண் மறந்துபோகலாம். அதனால்தான் இங்கே எதைச் செய்வது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எங்கே சேர்ப்பது

பெரும்பாலும் வலிப்பில்தான் தெரியவரும். பதறிப்போய், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொல்லும் தனியார் மருத்துவமனையில் சேர்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள், இரண்டு ஸ்கேன், அதற்குள் சேமிப்பில் பாதி போயிருக்கும். அறுவை சிகிச்சை அப்போது தொடங்கியே இருக்காது.

வலிப்பு மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தபின் பல நோயாளிகளுக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. அதனால் மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "அறுவையை இன்றே செய்தாக வேண்டுமா, இரண்டு மூன்று நாள் பொறுக்கலாமா?" பொறுக்கலாம் என்றால் அந்த நாட்களில்தான் கீழே உள்ள வேலைகள் நடக்க வேண்டும். நோயாளி மயங்கி மயங்கித் தூங்குகிறார், விடாமல் வாந்தி எடுக்கிறார், பார்வை மங்குகிறது என்றால் பொறுப்பது என்ற பேச்சே கிடையாது. கடனோ உடனோ, உடனே சிகிச்சை.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவைப் பிரிவு 1950-களிலிருந்து மூளையைத் திறந்துகொண்டிருக்கிறது, மருத்துவர் பி. ராமமூர்த்தி கட்டி எழுப்பிய துறை அது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவைத் துறை உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் அறக்கட்டளையாக நடப்பது. புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆகியவை மத்திய அரசின் நிறுவனங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், பெஞ்சில் இடம் கிடைக்காது. ஆனால் நாள்தோறும் இந்த அறுவையையே செய்யும் கைகள் அங்கே இருக்கின்றன.

2. கையெழுத்து, கணக்கு, ரேகை

அறுவைக்கு முன், நோயாளிக்குத் தெளிவு இருக்கும்போதே அவரிடம் பேசிவிட்டு இவற்றை முடியுங்கள். அவர் பணம், அவர் முடிவு. அவரைச் சுற்றி நின்று நாம் கிசுகிசுப்பது அழகல்ல.

வங்கிக் கணக்கில் மனைவி, மகன் அல்லது மகள் பெயரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்குங்கள். "இருவரில் யாரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் இருக்க வேண்டும். "ஈதர் ஆர் சர்வைவர்" என்று கேட்டால் வங்கியில் உடனே புரியும். வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, ஆயுள் காப்பீடு எல்லாவற்றிலும் வாரிசு நியமனம் (நாமினி) இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்பதை அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

கை ஏற்கெனவே தளர்ந்துவிட்டதா? எங்களைப் போலத் திகைத்து நிற்க வேண்டாம். கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே வழி இருக்கிறது. கைரேகை வைக்கலாம், கையும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். அன்று கவுண்டரில் கிடைக்காத பணம், மேலாளர் அறையில் இந்த விதியைச் சொன்னதும் இருபது நிமிடத்தில் கிடைத்தது. சித்தப்பா மை ஒட்டிய விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே, "பள்ளிக்கூடம் போனதெல்லாம் வீண்" என்று சிரித்தார்.

"பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும்" என்று சொல்பவர்களை அப்படியே நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம் செல்லாது. நமக்கு அது தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில்தான். அவருடைய கைப்பேசியின் ரகசிய எண்ணை வாங்கி யாரோ ஒருவர் பணம் எடுத்துக்கொண்டிருப்பதும் வேண்டாம்; அண்ணன் தம்பிச் சண்டைகள் பல அங்கேதான் பிறக்கின்றன.

3. காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் நம் ஊரில் பெரிய கதவு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது.

குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள், அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். "அவசரச் சிகிச்சை" என்று மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் பெரும்பாலும் விரைவு கிடைக்கும். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் பெரியவர்களின் பெயர் பல நேரம் எந்த அட்டையிலும் இருக்காது.

அட்டை கிடைத்தபின் மூன்று சங்கதிகள். ஒரு தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதால் எல்லாப் பிரிவும் இருக்கிறது என்று பொருளல்ல. மூளை அறுவைக்கு அனுமதி இருக்கும், கதிர்வீச்சுக்கு இருக்காது. "அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் அட்டையில் இங்கேயே நடக்குமா?" என்று சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அடுத்து, அனுமதி சிகிச்சைக்கு முன் வாங்க வேண்டியது. முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்ற கணக்கு நடக்காது. கடைசியாக, அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. எங்களிடமும் ஓர் இடத்தில் "அட்டைக்குள் வராத சாமான்கள்" என்று ஒரு தொகை கேட்டார்கள். பட்டியல் கேட்டோம். பட்டியல் கடைசி வரை வரவில்லை, பணமும் அதன்பின் கேட்கப்படவில்லை.

வருமானம் வரம்பைத் தாண்டியவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற இந்த அட்டை கட்டாயமில்லை.

4. எஸ்டிமேட்டை வாசிப்பது எப்படி

மருத்துவமனை முத்திரையும் மருத்துவர் கையெழுத்தும் உள்ள செலவு மதிப்பீட்டை வாங்குங்கள். பின்னால் எல்லா உதவி விண்ணப்பத்துக்கும் அதுதான் அடிப்படை. ஒரே மொத்தத் தொகையாக எழுதியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

கிளையோபிளாஸ்டோமா என்ற தீவிர வகைக்கு உலகெங்கும் 2005 முதல் நடைமுறையில் இருக்கும் பாதை இது: முடிந்தவரை கட்டியை அகற்றும் அறுவை, பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை, அது முடிந்து சிறு இடைவெளிக்குப்பின் மாதம் ஐந்து நாள் அதே மாத்திரை, வழக்கமாக ஆறு சுற்று. உங்கள் எஸ்டிமேட்டில் இதற்கு மேல் ஏதாவது இருந்தால், "இது ஆயுளைக் கூட்டுமா, தொந்தரவைக் குறைக்குமா?" என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக பெவாசிஸுமாப் என்ற ஊசி. விலை அதிகம். மூளை வீக்கத்தை வடியவைக்கும், ஸ்டீராய்டு தேவையைக் குறைக்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்பட்ட கிளையோபிளாஸ்டோமாவில் அது மொத்த ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. சிலருக்கு அது தேவைப்படும்தான். ஆனால் வீட்டை அடமானம் வைத்துப் போடுவதா என்பதை விவரம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். "அறுவையே வேண்டாம், இந்தச் சூரணம் கட்டியைக் கரைக்கும்" என்று வருபவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம், காசு மட்டும் கொடுக்க வேண்டாம்.

அறுவைக்குப்பின் திசுப் பரிசோதனை அறிக்கையோடு ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். அது கையில் இல்லாவிட்டால் அலைச்சலும் செலவும் இரட்டிப்பு. எம்.ஆர்.ஐ.யின் பிலிம் மட்டும் போதாது, சி.டி.யும் வாங்குங்கள்.

5. சம்பளக்காரர்களும் தனியார் காப்பீடும்

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு; மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பல தொழிலாளர்கள் அதில் இருக்கிறார்கள். அதில் இருப்பவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பரிந்துரை பெற்றுப் போகலாம். அதோடு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு: நீண்ட நாள் நோய்களுக்குச் சராசரிக் கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டுப் பணி உள்ளிட்ட நிபந்தனைகள் இருக்கின்றன. ஆகவே "உடம்பு சரியில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு" என்று யாராவது அன்பாகச் சொன்னால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பி.எஃப்.-லிருந்து நோய்க்காக முன்பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டங்கள் உள்ளன.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்வழிக் கீமோ, கத்தியில்லாமல் கட்டியைக் குறிவைத்துக் கதிர் பாய்ச்சும் ஸ்டீரியோடாக்டிக் கதிர் அறுவை, அறுவையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் முறை ஆகியவற்றை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் விதி வகுத்தது. மூன்றும் மூளைக் கட்டிக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை. உச்சவரம்பு வைக்கலாம், அதனால் பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். "மாத்திரைதானே, படுக்கையில் சேரவில்லையே" என்று கோரிக்கையைத் தள்ளினால், நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை.

வருமான வரி கட்டுபவர்களுக்கு, 80டிடிபி என்று அறியப்பட்ட பிரிவின்படி பழைய வரி முறையில் 40,000 ரூபாய் வரை, நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1,00,000 ரூபாய் வரை கழிவு உண்டு. புற்றுநோய் மருத்துவரின் சீட்டு வேண்டும்.

6. மாத்திரை வாங்கும் கலை

டெமோசோலோமைடு இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் உண்மையில் தரக்கூடிய விலைக்கும் இடையே ஒரு மைதானமே இருக்கும். 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபத்தை 30 சதவீதத்தில் கட்டியபோதுதான் இந்த இடைவெளியின் அளவு ஊருக்குத் தெரிந்தது. எனவே மருத்துவரிடம் பிராண்டுப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, மாற்று நிறுவனத் தயாரிப்பு சரியா என்றும் கேட்டுக்கொண்டு, மூன்று கடைகளில் விசாரியுங்கள். மத்திய அரசின் அம்ரித் மருந்தகம் பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே. வலிப்புக்கான லெவெடிராசிட்டாம் போல மாதக்கணக்கில் தொடரும் மருந்துகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள்.

காசில்லை என்று வலிப்பு மாத்திரையையும் ஸ்டீராய்டையும் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. ஒரு வலிப்பு, ஒரு ஆம்புலன்ஸ், ஓர் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவு: மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

7. கரண்ட் வைக்கும் ஆறு வாரம்

கதிர்வீச்சை நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்பார்கள். ஒரு நாளைக்குச் சில நிமிட வேலை. அதற்காக ஆறு வாரம் வெளியூரில் கிடக்க வேண்டும். எங்கள் கணக்கு நோட்டைப் பின்னால் புரட்டியபோது, சிகிச்சைக்குக் கட்டியதைவிட அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, சித்தியும் நானும் இழந்த கூலி ஆகியவைதான் கூடுதலாக இருந்தன. இந்தச் செலவைக் காப்பீடு பொதுவாகத் தராது. அதனால், அறுவை பெரிய ஊரில் நடந்தாலும் கதிர்வீச்சை வீட்டுக்குப் பக்கத்து மாவட்டத் தலைநகரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கூசாமல் கேளுங்கள்.

முடியாதென்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். அருகில் உள்ள தர்ம விடுதிகள் அவருக்குத்தான் தெரியும். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்குத் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை. துணைக்கு வருபவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். மருத்துவமனையில் உரிய படிவத்தை நிரப்பி வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்து எடுக்க வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மருந்து வாங்க ஓடும் வேலையைச் சித்திதான் பார்த்தார். சென்னையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி; இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை, எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது.

8. நிதி கேட்பது

பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு பகுதி உதவி கிடைக்கும். எஸ்டிமேட்டின் அசல், வருமானச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், இது அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. பணம் மருத்துவமனைக்கே போகும். ஏற்கெனவே செலவழித்ததற்குத் தரமாட்டார்கள், எனவே முன்னதாகவே அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனுக் கொடுக்கலாம். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இணையத்தில் நிதி திரட்டுவதானால், தளம் எடுக்கும் கட்டணத்தை முதலில் படியுங்கள். நோயாளியின் தலையில் தையல் போட்ட படத்தை அவர் சம்மதமின்றிப் போடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர், ஊர்க்காரர், வேலை செய்த இடம் என்று அறிந்தவர்களிடமிருந்துதான் பெரும்பகுதி வரும். முகம் தெரியாதவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வந்ததையும் செலவானதையும் வாரம் ஒருமுறை பணம் தந்தவர்களுக்கு எழுதினால் இரண்டாம் முறை கேட்க வாய் கூசாது.

கடன்தான் வழி என்றால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குங்கள். மீட்டர் வட்டிக்காரர் மருத்துவமனை வாசலுக்கே வந்து கொடுப்பார். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் சட்டம் இருக்கிறது, ஆனாலும் அவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

9. வீடு திரும்பிய பிறகு

ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பாதிப்பின் அளவைப் பொறுத்து அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவிக்கு அது தேவை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வலி தணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. சித்தப்பாவின் கடைசி நான்கு மாதங்களில் நாங்கள் ஒரு முறைகூட அவசர சிகிச்சைக்கு ஓடாததற்குக் காரணம் இப்படி வீட்டுக்கு வந்த செவிலியர்தான்.

கட்டில், சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை எதையும் புதிதாக வாங்க வேண்டாம். ஊரில் கேட்டுப் பாருங்கள், எங்காவது ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். எங்கள் மெத்தை இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. இரவல் வாங்கும்போது தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு தரையில் போட்டுக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கையில் விரியுங்கள்.